டம்ளர் மூடிமேல் ஒரு மாத்திரை

பிப்ரவரி 3

என் நூல்கண்டுக்கு,

சௌக்கியமா? நீ கல்யாணமாகிப் போனதிலிருந்து உன் ஜன்னலோரத் தையல் மெஷினில் வேலைக்குப் புதிதாக வந்த ஒரு பெண் உட்காருகிறாள். வாயே திறப்பதில்லை. கத்தரிக்கோலைக் காணோமென்றால் இப்போதும் உன்னைத்தான் கூப்பிடுகிறேன். அவள் திரும்பிப் பார்க்கிறாள், பாவம்.

நீ இருந்தவரை காலையில் வேலைக்கு வந்ததும் என் தேநீர் டம்ளர் மூடிமேல் மனச்சோர்வு மாத்திரையை வைத்துவிட்டு, "முழுங்கிட்டு அப்புறம் மூஞ்சியத் தூக்கு" என்பாய். இப்போது யார் வைப்பது? முந்தாநாள் மறந்தே போனேன். தையல் விட்டுப்போனால் அதன்மேல் இரட்டையாக ஓட்டுவோமே, அந்த மாதிரி நேற்று இரண்டாகப் போட்டுச் சரிக்கட்டிவிட்டேன். கை நடுங்கி, குமட்டி, ஒரு காலரைக் கோணலாகத் தைத்து மாஸ்டரிடம் திட்டு வாங்கியதுதான் மிச்சம். இந்தத் தொல்லையே வேண்டாம், மாத்திரையை விட்டுவிடலாமென்று பார்க்கிறேன்.

உன் ஊசி


பிப்ரவரி 11

அடி ஊசி,

மாத்திரை என்ன சட்டைக் காலரா, இரட்டைத் தையல் போட?

இங்கே மருந்துக்கடை அக்காவிடம் கேட்டேன். "ஒரு வேளை மறந்தா, ஞாபகம் வந்ததும் போட்டுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிடுச்சுன்னா விட்டது விட்டதுதான். சேத்து ரெண்டா போடவே கூடாது. திடுதிப்புன்னு நிறுத்தவும் கூடாது. மருந்துக்கு மருந்து மாறும், அவங்க டாக்டரையே கேக்கச் சொல்லு"ன்னாங்க.

அந்த மழைக்காலம் ஞாபகமிருக்கிறதா? நம் அறையில் நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தாய். படுக்கையிலேயே உனக்குத் தலைவாரிவிடுவேன். சிக்கெடுக்கும்போது வலிக்கிறதென்றுகூடச் சொல்ல மாட்டாய். அதற்கப்புறம் ஒருநாள், "மெதுவாடி, எருமை!" என்று கத்தினாயே, அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை யாரிடம் சொல்ல? சுவரைப் பார்த்துக் கிடந்த ஊசியை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

டாக்டரைப் பார்க்காமல் எனக்கு எழுதாதே. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

கண்டு


மார்ச் 20

என் எருமைக் கண்டுக்கு,

எழுதிவிட்டேன், ஆகவே பார்த்துவிட்டேன். டாக்டரும் உன் மருந்துக்கடை அக்கா சொன்னதையே சொன்னார். நிறுத்துவதானால் தன்னைக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தானாம். இப்போதைக்கு நிறுத்தப்போவதில்லை.

நானே மூடிமேல் வைத்துக்கொள்கிறேன். அந்தப் புதிய பெண் என்னவென்று கேட்டாள். சொன்னேன். உன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததில் சாப்பாட்டு நேரமே முடிந்துவிட்டது. நீ பட்டனை எல்லாம் தலைகீழாகத் தைத்த கதைக்கு அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

இன்று அவசர ஆர்டர். வந்ததும் மெஷினில் உட்கார்ந்துவிட்டேன், மாத்திரை நினைப்பே இல்லை. தேநீரை எடுக்கத் திரும்பினால், மூடிமேல் மாத்திரை. என் பையிலிருந்து அவள்தான் எடுத்து வைத்திருக்கிறாள். துணியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "முழுங்கிட்டு அப்புறம் மூஞ்சியத் தூக்குங்கக்கா."

உன் இடத்தில் உட்கார்ந்து, உன் வார்த்தையை அவள் சொல்கிறாள். அழுகை வந்துவிட்டது கண்டு. முழுங்கிவிட்டுத்தான் அழுதேன்.

உன் ஊசி