படையலில் வைத்த கீப்பர் செட்

இன்று காலை ஈஜோக் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. கைப்பேசியில் ஐஸ் ஹாக்கி. உனக்குப் பிடித்த டீம்தான் ஆடியது. மூன்றாவது கோல் போனதும் பயிற்சியாளர் கையை ஆட்டினார். கோல்கீப்பர் முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தான். போன ஆட்டத்தில் இப்படி வெளியே வந்தவன் இன்று அவனுக்குப் பதிலாக உள்ளே போனான். ஆத்திரத்தில் மேசையைத் தட்டிவிட்டேன். டம்ளரில் இருந்த தே தாரிக் சிந்தியது. பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னா தம்பி, வேலையில பிரச்சினையா?"

"இல்லண்ணே, கீப்பர் பிரச்சினை."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இது விளங்கக்கூடிய ஒரே ஆள் நீ. நீயும் இல்லை. அதனால் எழுதித் தொலைக்கிறேன்.

இந்த விளையாட்டு நம்மிடம் வந்து ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் நைட் ஷிப்ட்தான். ரவாங் தொழிற்சாலையில் நீ பேக்கிங், நான் பராமரிப்பு டெக்னீஷியன். உலகத்தின் மறுபக்கத்தில் இரவு நடக்கும் ஆட்டம் நமக்கு விடிந்த பிறகு நேரலையில் வரும். வேலை முடிந்து இந்தக் கடையில் வந்து உட்கார்ந்தால் பார்ப்பதற்கு வேறு எதுவும் இருக்காது. கிண்ணத்து ஐஸ் கச்சாங்கைத் தவிர வேறு பனியைக் கண்ணால் பார்த்திராத இரண்டு பேர், பனித்தரையில் எவன் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று தொண்டை கட்டச் சண்டை போட்டோம்.

நான் கோல் போடுகிறவர்களைப் பார்ப்பேன். நீ கீப்பரை மட்டும் பார்ப்பாய். ஆட்டம் மறுமுனையில் நடந்தாலும் உன் கண் அவனிடமே இருக்கும். புல்தரையில் ஆடும் நம் தோட்டத்து ஹாக்கி டீமுக்கு நீ கீப்பர், அதனால் உனக்கு அவன் சொந்தக்காரன் மாதிரி. பயிற்சியாளர் அவனை வெளியே கூப்பிட்டால் போதும், நீ கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவாய்.

"பாக்காதடா. அவனுக்கு வெக்கமா இருக்கும்."

"அவன் எங்கயோ இருக்கான். நீ பாக்குறது அவனுக்கு எப்படிடா தெரியும்?"

"தெரியாட்டியும் பாக்காத."

நம் சண்டை எப்போதும் ஒன்றுதான். தோற்கிற டீம் எல்லாம் கீப்பரை மாற்றி மாற்றியே நாசமாகிறது என்பது உன் கட்சி. ஒருவனை நம்பு, அவன் தடுமாறினாலும் விட்டுவை என்பாய். என் கட்சி வேறு. தொழிற்சாலையில் எங்கள் லைனில் எந்த முக்கியமான பம்ப்பும் தனியாக நிற்காது. பக்கத்திலேயே ஸ்டாண்ட்பை பம்ப் இருக்கும். அதையும் சும்மா விட மாட்டோம், முறை போட்டு ஓட்டுவோம். ஓட்டாமல் வைத்தால் பேரிங் பிடித்துக்கொள்ளும். தேவைப்படும் அன்று சுற்றாது. கீப்பரும் அப்படித்தான் என்று நான் ரொட்டித் தட்டுகளை வைத்தே படம் போட்டுக் காட்டினேன். நீ குழம்பைத் தொட்டுக்கொண்டே கேட்டாய்: "பம்புக்கு மானம் ரோஷம் இருக்கா?"



சரி, உன் கட்சியை நீ அளவுக்கு மீறிப் பிடித்துக்கொண்டிருந்தாய். அந்தப் பெரிய டீம்களுக்குக்கூட இரண்டு கீப்பர் உண்டு. இருவருக்கும் அடிபட்டால் இறங்குவதற்கு அரங்கத்திலேயே இன்னொருவன் காத்திருப்பான், அவன் எங்கோ அலுவலகத்தில் வேலை பார்க்கிற சாதாரண ஆள் என்று எனக்குச் சொன்னதே நீதான். கதை மாதிரி ரசித்து ரசித்துச் சொன்னாய். ஆனால் நம் டீமில் வேறு எவனையும் அந்த ஹெல்மெட்டைத் தொட விட்டாயா? பயிற்சியில் ஒருநாள் நம் கேப்டன் குமார் விளையாட்டாகக் கையுறையை மாட்டியதற்கே, "டேய், கழட்டுடா, விரிஞ்சிடும்" என்று கத்தினாய். டீமுக்கு ஒரே ஒரு செட். அதைப் போட ஒரே ஒரு ஆள்.

அப்புறம் உனக்குக் காய்ச்சல் வந்தது. சும்மா காய்ச்சல் என்றாய், இளநீர் குடித்தால் இறங்கிவிடும் என்றாய். டெங்கியாக இருக்கும், ரத்தம் எடுத்துச் சோதித்துப் பார் என்று நான் கத்தியதற்கு, "நீ பம்ப்ப பாரு லா" என்று சிரித்தாய். அதைப் பற்றி மேலே எழுத மாட்டேன். எழுதினால் உன்னைத் திட்டுவேன்.

உன் பதினாறாம் நாளன்று நான் வேலை முடிந்து வர நேரமாகிவிட்டது. வந்து பார்த்தால் உன் படத்துக்கு முன்னால் வாழையிலை, கோழிப் பிரட்டல், முட்டை, நீ விரும்பிக் குடிக்கிற பன்டுங். பக்கத்தில் நம் டீமின் கீப்பர் செட் முழுசாக. கால் பேட் இரண்டையும் சுவரில் சாய்த்து, ஹெல்மெட்டுக்கு மாலை போட்டு, பொட்டும் வைத்திருந்தார்கள். நம் பையன்களின் ஏற்பாடு. குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவனுக்குப் புடிச்சது மச்சி" என்றான். பிடித்ததுதான். ஆனால் அது டீமுடைய செட். படைத்த பிறகு அதை எவன் போடுவான் என்று ஒருவனாவது யோசித்தானா? அங்கே வைத்து எப்படிக் கேட்பது?

நினைத்தபடியே ஆயிற்று. செத்தவன் சாமான், எடுக்கக் கூடாது, போட்டால் ஆகாது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கம்ப்யூட்டர் படித்தவன், லோரி ஓட்டுபவன், வங்கியில் இருப்பவன், எல்லோருக்கும் ஒரே பயம். கீப்பரே இல்லாமல் ஆடினோம். வலைக்கு முன்னால் யாரும் நிற்காததால் எதிரணிக்காரன் பாதித் திடலைத் தாண்டியதுமே சிரிக்க ஆரம்பித்தான். சபாக்கிலிருந்து ஒருவன் சொந்த செட்டோடு வந்து உதவினான். அடுத்த வாரமே அவனைப் புஞ்சாக் ஆலாம் டீம் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கடைசியில் கோல சிலாங்கூர் போட்டி நடத்துகிறவர்கள் தெளிவாகச் சொன்னார்கள்: ஆட்டம் தொடங்கும்போது முழுக் கவசத்தோடு கீப்பர் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். அன்று எவனும் செட்டைப் போடவில்லை என்றால் டீம் அதோடு முடிந்தது. ஏற்கெனவே பாதிப் பேர் ஃபுட்சாலுக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போனேன். செட்டை உங்கம்மா பின்பக்கம் கொடியில் காயப் போட்டிருந்தார். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது என்று உனக்குத் தெரியும்.

"ஆன்டி, அந்த செட்டு வேணும். ஆனா படையல்ல வச்சதால போட பயப்படுறானுங்க."

உங்கம்மா துணி மடிப்பதை நிறுத்தினார்.

"அன்னிக்கு எல பக்கத்துல கோழி வச்சேன்ல?"

"வச்சீங்க."

"படைச்சு முடிச்சதும் அத என்னா பண்ணீங்க?"

"சாப்ட்டோம்."

"அந்தக் குமாரு ரெண்டாவது தரம் சோறு போட்டுக்கிட்டான். படைச்ச கோழி உள்ள போவுது, படைச்ச தொப்பி மட்டும் ஆவாதா? எடுத்துட்டுப் போய்யா. இங்க மாட்டி வச்சு நான் என்னா ஹாக்கியா வெளாடப் போறேன்?"

சொல்லிவிட்டு உள்ளே போனவர், பை எடுத்து வர வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது கண் சிவந்திருந்தது. நான் கொடியிலிருந்த பேட்டின் வாரைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

திடலில் பையன்களிடம் அந்தக் கோழிக் கணக்கை அப்படியே சொன்னேன். சிரித்தார்கள். சிரித்துவிட்டு எல்லோரும் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்துகொண்டார்கள். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேறு வழியில்லை. உனக்கே தெரியும், நான் கோல் போடுகிற ஆள். வாழ்க்கையில் ஒருநாளும் வலைக்கு முன்னால் நின்றதில்லை. இடது பேட்டை வலது காலில் கட்டினேன். "மச்சி, வாத்து மாரி இருக்க" என்றான் குமார். ஹெல்மெட்டுக்குள் மூச்சு முட்டியது. இதைப் போட்டுக்கொண்டு நீ எப்படி அவ்வளவு பேசினாய்?

இடைவேளைக்குள் இரண்டு கோல் வாங்கினேன். இரண்டாவது என் கால் பேட்டிலேயே பட்டு உள்ளே போனது. குமார் தண்ணீர்ப் போத்தலோடு வந்தான்.

"வெளிய வா மச்சி. நின்னு ஆரம்பிச்சாச்சு, இப்ப சட்டப்படி கீப்பரத் தூக்கலாம். முன்னால ஒரு ஆளு கூட வச்சுக்குவோம்."

தடுமாறுகிற கீப்பரை வெளியே எடு என்றுதான் இத்தனை வருடம் காலையில் தட்டுகளை வைத்து நான் பேசினேன். கணக்குப்படி குமார் சொன்னதுதான் சரி. நான் கீப்பரே இல்லை. முன்னால் போனால் ஒரு கோலாவது போடுவேன். ஆனால் சுற்றி நின்றவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இதைப் பாதியில் கழற்றினால் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். 'பார்த்தியா, அது ஒத்துக்கல.' அதற்கப்புறம் ஜென்மத்துக்கும் எவனும் போட மாட்டான்.

"வர மாட்டேன்" என்றேன்.

"டேய், தோத்துருவோம்டா."

"தோப்போம். நீ போயி ஒன் ஆளப் புடி. மொத கோல் போட்டவன எவன் விட்டது?"

தோற்றோம். மூன்றாவதாக ஒன்றும் போனது. ஆனால் ஒன்றைத் தடுத்தேன், அதைச் சொல்லியே ஆக வேண்டும். பந்து வருவது கண்ணுக்குத் தெரியவில்லை, நெஞ்சில் குத்தியதுதான் தெரிந்தது. ஆட்டம் முடிந்து பேட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது குமார் ஹெல்மெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு யாரும் சொல்லாமலே தலையில் மாட்டினான்.

"ச்சீ, என்னா நாத்தம்டா இது!"

"பாதி அவன்து, பாதி என்து" என்றேன். அவன் கழற்றவில்லை. கார் வரைக்கும் அப்படியே நடந்தான். ஃபுட்சால் என்ற பேச்சை அன்றைக்கு யாரும் எடுக்கவில்லை.

இப்போது பயிற்சியில் ஒருநாள் நான் பேட் கட்டுகிறேன், மறுநாள் குமார். என் பம்ப் கணக்குதான் ஜெயித்தது என்று உன்னிடம் சொல்லிக்காட்ட வேண்டும் போலிருக்கிறது. முழுசாகச் சொல்லவும் முடியவில்லை. அன்றைக்கு வலைக்கு முன்னாலிருந்து என்னை நகரவிடாமல் வைத்தது என் கணக்கு இல்லை. வருகிற ஞாயிறு யார் நிற்பது என்று இன்னும் முடிவாகவில்லை. ஆளை மாற்றுவோம் என்று நான் சொல்வேன், நீ இல்லாததால் மாற்றக் கூடாது என்றும் நான்தான் சொல்லியாக வேண்டும். குமாருக்கு அதெல்லாம் பேச வராது. உன் பக்கத்துச் சண்டையையும் சேர்த்துப் போடுகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாய்.