வளையத்துக்குள் ஒரு கை

ஏப்ரல் 3
இன்று வீடு சூடாக்கும் எண்ணெயை ஊற்றப் போகவில்லை, உறிஞ்சி எடுக்கப் போனோம். மேல்குடியிருப்பில், மட்லைனா வீட்டுத் தொட்டியிலிருந்து. உச்சியில் பனிக்கட்டி இளகிப் பாறை உருள்கிறது என்று ஐந்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவள் நகரத்துக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. அப்பா குழாயைப் பிடித்தார். நான் லாரியில் அளவுமுள்ளைப் பார்த்தேன். அவள் ஜன்னலில் திரைச்சீலை அப்படியே தொங்குகிறது. எனக்கு இருந்த ஒரே தோழி அவள்.

ஏப்ரல் 9
என் பெயருக்கு வாக்கு அட்டை வந்தது, மே மாதம் சதுக்கத்தில் ஊரே வளையமாக நின்று கை தூக்கி வாக்களிக்கும் நாளுக்கு. பதினாறு முடிந்துவிட்டதே. இந்த வருடத் தீர்மானம்: எண்ணெய்க் கொதிகலன் பழுதானால் பதிலுக்கு இன்னொன்று வைக்கக் கூடாது. அந்தப் புகையால்தான் மலையில் பனி இளகுகிறதாம். எண்ணெய் விற்பதுதான் அப்பாவின் பிழைப்பு. என்னுடையதும்தான் — பள்ளியை விட்டபின் எனக்கு வேறு என்ன தெரியும்?

ஏப்ரல் 18
பேக்கரிக்காரர் பால்ட்ஸ் கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டார்: “என்ன வாயில்லாப் பூச்சி, நீயும் வளையத்துக்கு வர்றியா?” ரொட்டியை வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். மீதிச் சில்லறையைக்கூட எடுக்கவில்லை.

ஏப்ரல் 24
இரவுச் சாப்பாட்டில் அப்பா சொல்லிக்கொடுத்தார். வளையத்தில் யாரும் எண்ணுவதில்லையாம், மேடையிலிருந்து கண்ணால் பார்த்தே முடிவு சொல்வார்களாம். “தூக்கினா முழுசாத் தூக்கணும் ரெகுலி. அரைக்கை யார் கண்ணுக்கும் தெரியாது.”
நான் எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம்.

ஏப்ரல் 30
மட்லைனாவுக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை.

மே 3
சதுக்கத்தில் ஆயிரக்கணக்கான பேர், மழைத் தூறல். அப்பாவின் இடப்பக்கம் நின்றேன். முதலில் தீர்மானத்தை ஆதரிப்பவர்களைத் தூக்கச் சொன்னார்கள். என் அட்டை கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது. கோழை. பிறகு எதிர்ப்பவர்களை, அப்பாவின் கை மேலே போனது. என் கை அதற்கும் எழவில்லை.
மேடையில் நால்வர் கூடிக் கூடிப் பேசினார்கள். தெளிவாகத் தெரியவில்லை, இன்னொரு முறை என்றார்கள்.
மறுபடி ஆதரிப்பவர்களை அழைத்தபோது மட்லைனா வீட்டுத் திரைச்சீலை ஞாபகம் வந்தது. தூக்கினேன். முழுசாக. தோள் வலித்தது. அப்பா என்னைத்தான் பார்க்கிறார் என்று பார்க்காமலே தெரிந்தது.
தீர்மானம் நிறைவேறியது. வாக்களிப்பு நாளின் வழக்கமான கன்றுக்கறி சாசேஜை ஒரே மேசையில் சாப்பிட்டோம். பால்ட்ஸ் வந்து எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, வேறு மேசைக்குப் போனார். நான் செய்தது தப்பா? தப்புன்னா ஏன் அழுகை வரல?

மே 4
அப்பா என்னை எழுப்பவில்லை. லாரி போய்விட்டது.

மே 9
ஆறு நாளாக வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான். மட்லைனாவுக்கு மறுபடி எழுதினேன். கை தூக்கியதைப் பற்றி எழுதவில்லை. அவள் வீடு அதனால் திரும்பி வராது.

மே 13
காலை ஆறு மணிக்கு அப்பா என் கதவைத் தட்டினார். லாரியில் என் கையுறை இருக்கையின் மேல் இருந்தது. பாலம் தாண்டினோம். அப்புறம் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
“அடுத்த வருஷம் என் வலப்பக்கம் நில்லு. உன் முழங்கை என் காதுல இடிச்சிருச்சு.”