தட்டிப் பார்த்து வாங்கிய டிரைவர்

ஆடி 3, ஞாயிறு.

கோல்ஃப் பந்தை வெகுதூரம் அடிக்கும் 'டிரைவர்' மட்டை வாங்க நேற்று சென்னை போயிருந்தேன். கடைக்காரர் என் வீச்சை அளந்து பார்த்துவிட்டு, "உங்க வேகத்துக்கு வளையுற தண்டுதான் சார் சரி, விறைப்பானது வேணாங்க" என்றார். நான் கேட்கவில்லை. செராமிக் சூளையில் கோப்பைகளைத் தட்டிப் பார்த்தே பழகிய புத்தி; நல்லது கணீரென்னும், விரிசல் விட்டது டொக்கென்னும். இரண்டையும் விரலால் தட்டினேன். விறைப்பானது கணீரென்றது. அதையே வாங்கிவந்தேன்.

இன்று காலை சூளைக்குப் பின்னால் முதல் அடி அடித்தேன். பந்து எங்கோ போய் ஒழிந்தது. தோளுக்குள் டொக்கென்று ஒரு சத்தம். விரிசல் விட்ட கோப்பையின் சத்தம் எனக்குத் தெரியாதா?

"கையத் தூக்கவே மாட்டேங்கிறீங்களே, டாக்டர்கிட்ட போயிட்டு வரலாம் வாங்க" என்றாள் மனைவி. சுளுக்கு என்று சொல்லிவிட்டேன். பயமாக இருக்கிறது. விரிசல் விட்டதை சூளையில் நாங்கள் ஒட்டுவதில்லை.

எழுத்து கோணலாகப் போகிறது. இடது கையால் எழுதுகிறேன்.