கொள்ளாம் என்று சொன்னது

கருங்கல்,
நவம்பர் 12, புதன்கிழமை.

அன்புள்ள மகன் ரெஜினுக்கு,

சேசுவுக்குத் தோத்திரம். நான் இங்கே சுகம்தான், முழங்கால் மட்டும் மழை வருவதை வானிலைக்காரனுக்கு முன்னாலேயே அறிந்துகொள்கிறது. நீயும் கோகிலாவும் அந்தக் கனடாக் குளிரில் ஒரு இருமல் தும்மல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஜெபமாலையில் உங்களுக்கென்று ஒரு பத்து மணியைத் தனியாக வைத்திருக்கிறேன். போன வாரம் முழுக்க அடைமழை, ரப்பரில் வெட்டே நடக்கவில்லை, பால்வெட்டுக்கார ராஜகுமார் காலையில் வந்து பால் விடாமல் ஒரு கட்டஞ்சாயா குடித்துவிட்டு வானத்தைத் திட்டிவிட்டுப் போகிறான். அயனி மரத்தில் ஒரு கொப்பு ஒடிந்து அடுக்களை மேல் விழுந்து ஓடு உடைந்தது, அதை அவனே மாற்றித் தந்தான், நீ அதற்காகப் பதற வேண்டாம். செலின் பெரியம்மைக்குச் சர்க்கரை கூடிப்போய் டாக்டர் ஏத்தம்பழத்தைத் தொடவே கூடாது என்று சொல்லியிருக்கிறார், அவள் பழத்தைத் தொடுவதில்லை, பழம்பொரியாகத்தான் தின்கிறாள். கேட்டால் அது மாவுதானே என்கிறாள். என் அக்காளாகப் போய்விட்டாள், என்ன செய்ய.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் நான் பேசத் தொடங்கினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுவாய், முக்கியமான இடம் வரும்போது சரிம்மா என்பாய். இந்த விஷயத்துக்குச் சரிம்மா போதாது. நீ கடைசியாகக் கூப்பிட்டபோது கிறிஸ்துமஸுக்கு கோபிசெட்டிபாளையத்தில் கோகிலாவின் வீட்டுக்கு மட்டும் வந்துவிட்டு அப்படியே திரும்புகிறோம் என்றாய். கேக் மாவுக்குத் திராட்சையை ஊறப்போட்டுவிட்டேனே என்று நான் சொன்னதும் உனக்கு என்ன தோன்றியதோ, மனதில் கிடந்ததைக் கொட்டிவிட்டாய். "அவளுக்கு அங்க வர மனசில்லம்மா. உன்ன ஏத்துக்க மாட்டோம்னு நீயும் பெரியம்மையும் அவ மொகத்த பாத்தே சொன்னியளாமே" என்று சொல்லிவிட்டு, வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாய். நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றுகொண்டே இருந்தேன் மக்கா. உன் அப்பா இறந்தபோதுகூட அழுவதற்கு நாலு பேர் பக்கத்தில் இருந்தார்கள். இதைச் சொல்லி அழ யாரும் இல்லை.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நீங்கள் இரண்டு பேரும் விரும்பிக் கட்டிக்கொண்டீர்கள், அவள் வேறு சாமி கும்பிடுகிற வீட்டுப் பிள்ளை, நான் பங்குச்சாமியார் முன்னால் போய் நின்று என் மருமகள் என்று சொன்னவள். நானா ஏற்க மாட்டேன் என்று சொன்னேன்? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு குடையைப் பிடித்துக்கொண்டு செலின் பெரியம்மை வீட்டுக்குப் போய் நீ ஏதாவது உளறினாயா என்று சண்டைக்கே நின்றேன். அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "ஏட்டி குளோரி, நான் அந்தப் பிள்ளைய பாத்து கொள்ளாம்னு மட்டுந்தானே சொன்னேன். வந்த அன்னைக்கி சொன்னேன், போற அன்னைக்கும் சொன்னேன்" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அங்கே டியூஷனுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டிருந்த ஜாஸ்பின் டீச்சர், பெரியம்மையின் அடுத்த வீட்டுக்காரி, சத்தம் கேட்டு வந்தாள். அவள் மேல்நிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறவள் என்று உனக்குத் தெரியும். நாங்கள் சொன்னதைக் கேட்டு, உங்கள் மருமகள் என்ன படித்திருக்கிறாள் என்றாள். எம்.ஏ. தமிழ் என்றேன். டீச்சர் சிரிக்கவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் விளக்கினது இது. நம்முடைய கொள்ளாம், கொள்ளலாம் என்ற சொல் தேய்ந்து வந்ததாம், எடுத்துக்கொள்ளலாம், நல்லது, தரம் என்று அர்த்தம். பழைய தமிழில் அதே கொள்ளாம் என்ற சொல்லுக்கு நாங்கள் கொள்ள மாட்டோம், ஏற்க மாட்டோம் என்று அர்த்தமாம். சத்தம் ஒன்று, பொருள் தலைகீழ். பழைய பாட்டெல்லாம் படித்த பிள்ளைக்கு அந்த அர்த்தம்தான் முதலில் காதில் விழும் என்றாள் டீச்சர். ஒரு மலையாளப் படமாவது பார்த்திருக்கக் கூடாதா அந்தப் பிள்ளை. நீயும்தான் இருக்கிறாயே, இங்கே பிறந்து இந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன், அம்மா அப்படிச் சொன்னாளா, எந்த வார்த்தையைச் சொன்னாள் என்று ஒரு கேள்வி அவளிடம் கேட்கத் தோன்றவில்லையே. கேட்டிருந்தால் அங்கேயே சிரித்து முடித்திருக்கலாம். அவள் அர்த்தத்தை மட்டும் உன்னிடம் சொல்லியிருக்கிறாள், நீயும் அர்த்தத்தை மட்டும் நம்பிவிட்டாய். அம்மாவை அவ்வளவுதான் தெரியுமா உனக்கு? இதைக் கோபத்தில் எழுதவில்லை, கொஞ்சம் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. நீங்கள் ஆடி மாதம் வந்து இறங்கிய அன்று அவள் அந்தப் பச்சைப் பட்டில் காரைவிட்டு இறங்கி முற்றத்தில் நின்றாள். நான் ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொள்ளாம் என்றேன், பக்கத்தில் நின்ற பெரியம்மையும் கொள்ளாம் என்றாள், பின்னால் நின்ற பெண்டுகள் எல்லாரும் ஆமாம் கொள்ளாம் என்றார்கள். வந்த பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி ஊர் கூடித் தீர்ப்பு சொன்ன மாதிரி அல்லவா அவளுக்கு இருந்திருக்கும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அவளே அடுக்களைக்கு வந்து அவர்கள் ஊர் அரிசிம்பருப்பு சாதம் செய்தாள். நானும் பெரியம்மையும் இரண்டு வட்டம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கொள்ளாம் என்றோம். அவள் குனிந்துகொண்டு, "ஏனுங்க அத்தை, எதனால கொள்ளாதுங்க?" என்று கேட்டாள். நான் சோறு மிச்சமிருப்பதை மாற்றி வைக்கப் பாத்திரம் கேட்கிறாள் என்று நினைத்து, அந்தச் சட்டி சின்னது, அதனால் கொள்ளாது மக்களே, மேல் தட்டில் பெரியது இருக்கிறது எடுத்துக்கொள் என்று சொன்னேன். அவளும் எடுத்தாள். எவ்வளவு பொறுமை பார் அந்தப் பிள்ளைக்கு. உன்னிடம் அப்படிச் சொல்லியிருந்தால் நீ சட்டியைப் போட்டு உடைத்திருப்பாய்.

ஆனால் அதெல்லாம் சிரித்துவிடக்கூடியது. ஒன்று மட்டும் சிரிக்க முடியவில்லை, அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். உன் அப்பாவின் ஆண்டுப் பூசை முடிந்து நாம் கல்லறைக்குப் போனோம் அல்லவா. நீ போன் வந்ததென்று வாசல் பக்கம் போய்விட்டாய். மழைக்குக் கல்லறை முழுக்கப் பாசி பிடித்து அப்பாவின் பெயரே தெரியவில்லை. என்னால் குனிய முடியாது, ஆள் வைத்துச் செய்ய வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டு நிற்கும்போதே, கோகிலா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, எங்கிருந்தோ ஒரு பிடி தேங்காய்ச் சகிரி நாரைப் பொறுக்கி வந்து, மழைத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். யாரும் சொல்லவில்லை. அவள் உன் அப்பாவை உயிரோடு பார்த்ததே இல்லை. பெயரில் ஞா வந்தது, ன வந்தது, தாசன் என்று முழுசாக வந்தது. நான் பெற்ற பிள்ளையும் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. என்னிடம் இருந்த பெரிய வார்த்தையை எடுத்து அவளிடம் சொன்னேன். கொள்ளாம் மக்களே என்றேன். அவள் கையை உடனே எடுத்துவிட்டாள். சகிரியைக் கீழே வைத்துவிட்டு, தள்ளிப்போய் நின்றுகொண்டாள். களைத்துவிட்டாள் என்று நினைத்தேன் மக்கா. என் புருஷனின் கல்லறையைத் தொடாதே என்று நான் சொன்னதாக அவள் நினைத்திருக்கிறாள். மூன்று மாதமாக இதை உள்ளே வைத்துக்கொண்டு அந்தப் பனியில் அவள் எப்படித் தூங்குகிறாளோ. இதை நினைத்து எனக்கும் தூக்கம் இல்லை.

நீ கேட்கலாம், வேறு நல்ல வார்த்தை ஒன்று வாயில் வரவில்லையா என்று. டீச்சரிடம் நானும் அதைத்தான் கேட்டேன், இங்கிலீஷில் அட்மிரேஷன் என்கிறார்களே, அதற்குத் தமிழில் இல்லையா என்று. அவளும் சொல்லிப் பார்த்தாள். வியக்கிறேன் என்று மருமகளிடம் சொன்னால் அவள் நாடகமா என்பாள். போற்றுகிறேன் என்பது கோயிலுக்குள் சொல்வது. பாராட்டு என்றால் எனக்குப் பொன்னாடையும் மைக்கும்தான் ஞாபகம் வருகிறது. மெச்சுவது நல்ல சொல்தான், ஆனால் நம் வீட்டில் பிள்ளைகள் ஏதாவது உடைத்தால்தான் உன்னை மெச்சிக்கொள்ள வேண்டியதுதான் என்போம். கடைசியில் டீச்சரே, மனசு நிறைஞ்சா நம்ம ஊர்ல கொள்ளாம்தான் மைனி என்று ஒப்புக்கொண்டாள். அதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டும் சொல்லமாட்டோம், கண் பட்டுவிடும் என்று முகத்தை வெறுமனே வைத்துக்கொண்டு சொல்லுவோம். உன் அப்பாவும் அப்படித்தான். என்னைப் பெண் பார்த்துவிட்டு அவர் சொன்னதும் அது ஒன்றுதான், அதற்குப் பிறகு என் மீன்குழம்புக்கும், நீ பிறந்தபோது உன்னைத் தூக்கிப் பார்த்ததற்கும் அதே ஒன்றுதான். எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. அவர் சொல்லும்போது அதில் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அது தெரிவதற்கு ஒரே அடுக்களையில் கிடந்து பழக வேண்டும். வந்த அன்றே கேட்கிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கடிதத்தை நீ படித்து அவளுக்குச் சுருக்கிச் சொல்ல வேண்டாம். உன் சுருக்கத்தின் இலட்சணம் இப்போதுதான் பார்த்தோம். தாளை அவள் கையில் கொடு, தமிழ் அவளுக்கு உன்னைவிட நன்றாக வரும். கோகிலா, நீ இதைப் படிக்கிறாய் என்று நினைத்து எழுதுகிறேன். நான் உன்னைப் போல ஒரு பிள்ளையைப் பார்த்ததில்லை. பேச்சு புரியாத வீட்டில், யாரும் கேட்காத வேலையைச் செய்துவிட்டு, மனதில் அவ்வளவு நோவை வைத்துக்கொண்டும் புறப்படும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டாயே. அப்போதும் நான் அந்தப் பாழாய்ப்போன வார்த்தையைத்தான் சொன்னேன். அத்தை என்று நீ கூப்பிடுவது எனக்குப் பிடிக்கும், இங்கே எல்லாரும் மாமி என்பார்கள், நீ மாற்ற வேண்டாம்.

மற்றபடி இங்கே சொல்ல ஒன்றும் இல்லை. கல்லறைத் திருநாளுக்கு நான் தனியாகத்தான் போனேன். பாசி திரும்பவும் ஏறிவிட்டது, ஆள் வைத்துத் தேய்க்க மனம் வரவில்லை, மெழுகுதிரி மட்டும் கொளுத்தி வைத்துவிட்டு வந்தேன், அதையும் மழை அணைத்துவிட்டது. ஒரு ஆளுக்குச் சமைப்பது பெரிய பாடு மக்கா. மரச்சீனிக் கிழங்கு ஒன்று அவித்தால் இரண்டு நேரத்துக்கு ஆகிறது, சாளை மீனில் நாலு வாங்கினால் இரண்டு பூனைக்குப் போகிறது. டி.வி.யைச் சத்தமாக வைத்துக்கொள்கிறேன், பார்ப்பதற்கு இல்லை, வீட்டில் யாரோ பேசுகிற மாதிரி இருக்கட்டும் என்று. வயதான காலத்தில் இப்படித்தான் என்று பெரியம்மை சொல்கிறாள், அவளுக்குப் பேரப்பிள்ளைகள் மேலே ஏறி மிதிக்கிறார்கள், அவள் சொல்வாள். எனக்குத் தனியாக இருக்கிறது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

நீ கோபிக்குப் போ, நன்றாகப் போ, அவளைப் பெற்றவர்களுக்கும் ஆசை இருக்கும், அவர்கள் மனம் நோகக்கூடாது. இங்கே கட்டாயம் வந்தே ஆகவேண்டும் என்று அவளைப் பிடித்து இழுக்காதே, அவளுக்கே தோன்றினால் வரட்டும். காதை மூடாமல் வெளியே போகாதே, குளிர் காது வழியாகத்தான் நுழையும். கோபம் வந்தால் சாப்பாட்டை விடுகிற பழக்கத்தை அவளிடமும் காட்டாதே. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போ, அவள் கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் எவ்வளவு தூரமானாலும் நீயே கார் ஓட்டிக் கூட்டிக்கொண்டு போ. ஆண்டவரும் மாதாவும் உங்கள் இரண்டு பேர் தலையிலும் கைவைத்துக் காக்கட்டும், உன் அப்பாவின் ஆசீரும் கூட இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. அவர்கள் ஊரில் ஒருவரைப் பார்த்து மனது நிறைந்துபோனால் என்ன வார்த்தை சொல்வார்கள் என்று கோகிலாவை ஒரு தாளில் பெரிய எழுத்தாக எழுதி அனுப்பச் சொல். இந்த வயதிலும் ஒரு வார்த்தை படிக்க எனக்கு முடியும். சொல்லிப் பழகத்தான் இந்த வீட்டில் ஆள் இல்லை. முதல் தடவை தப்பாகச் சொன்னாலும் அவள் எதிரில் நின்று கேட்டுத் திருத்த வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஞா. குளோரி