மன்றாட்டுமாலை நீண்ட திருநாள்

2004 ஜூன் 9, புதன்
காலையில் தூறல், பின் வெயில். மெழுகுவர்த்தி வாங்க வில்லரே கடைத்தெரு வரை நடை.

எங்கள் கத்தோலிக்கக் கோயில் வாசலில் யோகன். தாயகப் போராட்டத்தின் பெயரால் இங்கே கியூபெக்கில் சங்கம் நடத்துபவன். எல்லாக் கோயில்களும் சங்கத்தின் கீழ் வரவேண்டுமாம்.

“ஐயா, ஞாயிறு திருநாள் பூசை முடியப் பீடத்தில நிண்டு புதுப் பங்குச்சபையை அறிவிப்பன். எல்லாம் எங்கட ஆக்கள்.”

“சபையைத் தெரிஞ்செடுக்கிறது சனமெல்லோ, தம்பி?”

“போராட்ட காலத்தில தேர்தலோ, ஐயா?” சிரித்தான்.

போராட்டத்தை நான் பழிப்பவன் அல்லன். என் மருமகனும் அதில் மாண்டவன். ஆயினும் பீடம் ஆண்டவர் ஒருவருக்கே உரியது. வேதம் சொல்வதுபோல், வேந்தர் முகம் நாணயத்தோடு இருக்கட்டும்.

ஜூன் 11, வெள்ளி
வெக்கை. பங்குத் தந்தையைக் கண்டேன். கியூபெக்காரர், தமிழ் அறியார். யோகன் நன்றியுரை வாசிக்கப்போகிறான் என்றெண்ணி அனுமதி கொடுத்திருக்கிறார்! உண்மையைச் சொன்னேன். முகம் சிவந்தது. வாக்கை மீற மாட்டாராம்: பூசை முடிந்தால் அவன் பேசலாம், ஆனால் ஒரு மணிக்குக் கோயிலைப் போர்த்துக்கேயரின் பூசைக்கு விட்டுவிட வேண்டும். வெண்பாவின் ஈற்றடிபோல் சுருங்கச் சொல்லி எழுந்துவிட்டார்.

வீட்டில் என் மனைவி ஞானம்மா: “மூப்பர் எண்டு பேர். ஆனா வாயைத் திறக்கப் பயம்.”

அப்போதுதான் தோன்றியது. பூசையின் இறுதி ஆசீருக்கு முன் மன்றாட்டுமாலை; அதைத் தொடங்குவது மூப்பரான என் உரிமை. திருநாளில் ஒவ்வோர் ஊராரும் தத்தம் ஊர்ப் புனிதரைக் கூவி அழைப்பது வழக்கம். முடியும்வரை எவரும் முழந்தாளிலிருந்து எழுவதில்லை. இங்கே நேரம் கருதி நான்தான் ஆண்டுதோறும் குறுக்கிவந்தேன்.

இவ்வாண்டு குறுக்கேன்.

ஞானம்மா: “அப்ப ஒரு ஊரையும் விடாதேங்கோ!”

ஜூன் 12, சனி
நாள் முழுதும் தொலைபேசி. எல்லா ஊராருக்கும் அழைப்பு. கர்க்லாண்டில் இருக்கும் யோகனின் தாய் பிலோமினா அக்காவுக்கும். காரணம் சொல்லவில்லை.

“மாதகல் தோமையாரை விடுவனோ, மூப்பர்?” என்றார்.

தேநீர் ஆறிப்போயிற்று.

ஜூன் 13, ஞாயிறு. அந்தோனியார் திருநாள்
தெளிந்த வானம். படிக்கட்டு வரை சனம். முன்வரிசையில் யோகன், கையில் தாள்.

தொடங்கினேன்.

“பாசையூர் அந்தோனியாரே!”

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!”

குருநகரார் யாகப்பரை அழைத்தனர், இளவாலையார் அன்னம்மாளை. சென்னை மாணவி ஒருத்தி, “எங்க வேளாங்கண்ணி மாதாவும் வரலாம்ல?” எனக் கேட்டு, கேட்ட வேகத்திலேயே அழைத்தும்விட்டாள். ஊர் மேல் ஊர். மன்னாரார் மாத்திரம் ஏழெட்டுப் புனிதரை அழைத்தனர்.

யோகன் மெல்ல: “ஐயா, இன்னும் எத்தினை?”

“ஊர் முடியட்டும், தம்பி.”

எழ முயன்றான். பின்னாலிருந்து தாயின் குரல்: “முழந்தாளில இரடா! மாதகல் தோமையாரே!”

கோயில் முழுதும் பதில் முழங்கிற்று. அவனும் சொன்னான். என் செவியால் கேட்டேன்.

ஒரு மணி ஆயிற்று. கதவு திறந்தது. போர்த்துக்கேயர், மலர் சூடிய தங்கள் அந்தோனியாரின் சுருவச் சிலையோடு. எங்களைக் கண்டு அவர்களும் முழந்தாளிட்டனர்; தங்கள் மொழியில் பதிலும் தந்தனர். வேதத்தில் வரும் எரிக்கோவின் மதில் இப்படித்தான் விழுந்திருக்கும், இரும்பின்றி, வெறும் குரலால்!

தந்தை இறுதி ஆசீர் அளித்தார். உடனே பிரெஞ்சில், எல்லாரும் கேட்க: சபையை அடுத்த ஞாயிறு மக்கள் கையுயர்த்தித் தெரிந்தெடுப்பர். பீடத்தில் அடுத்த பூசைக்கு விரிப்பு மாற்றத் தொடங்கினார்கள். யோகன் வாசிக்க நேரமும் இல்லை, இடமும் இல்லை. ஆரவாரம். ஞானம்மா கண்ணைத் துடைத்தாள். பாடியபடியே வீடு வந்தேன். பேருந்தில் ஒருவர் திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டும்.

ஜூன் 14, திங்கள்
மேகமூட்டம். குரல் கம்மிவிட்டது. மிளகு ரசம்.

யோகன் தொலைபேசியில். வசை வரும் என்று காத்திருந்தேன். வந்ததோ:

“ஐயா, அடுத்த ஞாயிறு… நானும் பேர் குடுக்கலாமோ?”

“குடும், தம்பி. கை தூக்கிறது சனம்.”