செவலை ஏறாத டைல்ஸ்

கார்த்திகை, வெள்ளி. ராத்திரி.

சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது. தூக்கம்தான் வரல.

கூட்டேரிப்பட்டு பக்கத்துல நாங்க கட்டின விலங்கு ஆஸ்பத்திரிக்கு இன்னிக்கு காலையில பால் காய்ச்சினோம். ரோட்டுல அடிபடுற நாய், மாடு, நரி, மயில் எல்லாத்துக்கும் இனி இங்கதான் வைத்தியம். வழக்கப்படி முதல்ல பசு நுழையணும். பக்கத்து நிலத்து செல்வி அக்கா தன் செவலைக்குப் பொட்டு வெச்சு ஓட்டிக்கினு வந்தாங்க.

செவலை வாசப்படி தாண்டி ஒரு கால் வெச்சுது. வழுக்குச்சு. காலை எடுத்துக்கினு நின்னதுதான், அப்புறம் அசையல. ஐயர் அவசரப்படுத்துறாரு. வாழைப்பழம் காட்டினோம். ம்ஹூம்.

நான் ஆசை ஆசையா பொறுக்கின பளபள டைல்ஸ்! மாட்டு டாக்டரு நான், எனக்கே தோணல.

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா மேஸ்திரி?"

"முகம் தெரியற மாதிரி தரை வேணும்னு நீங்கதானே கேட்டீங்க, டாக்டரம்மா?" ஏழுமலை மேஸ்திரி முகத்துல சிரிப்பே இல்ல.

அப்புறம் அவரே மல்லாட்டைக் கடலை கட்டுற சணல் சாக்கு கொண்டாந்து வரிசையா விரிச்சாரு. செவலை மகாராணி மாதிரி உள்ள நடந்து, நட்டநடு ஹால்ல சாணி போட்டுச்சு. நல்ல சகுனம்னு எல்லாரும் கை தட்டினோம்.

டைல்ஸ பேத்துட்டு சொரசொரப்பா சிமென்ட் தரை போடணும். ஆஸ்பத்திரி கமிட்டிகிட்ட என்னன்னு சொல்றது... சரி, அது நாளைக்கு.

கிளம்பும்போது மேஸ்திரி செவலை முதுகைத் தட்டி, எனக்குக் கேக்கற மாதிரியே சொன்னாரு: "அடுத்த தரைய மொதல்ல நீ நடந்து பாரும்மா. அப்புறமா டாக்டரம்மாகிட்ட காட்டறேன்."