அழைக்காமல் போகிற விருந்து

காரிமங்கலம்,
கார்த்திகை மாதம்.

அன்பு மகன் குருவுக்கு அம்மா தீர்த்தம்மாள் எழுதுவது. நானும் உன் தங்கை காவியாவும் சுகம். அந்தக் குளிரில் நீயும் மிலேனாவும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் பேசினால் சொல்ல நினைத்ததில் பாதி மறந்துபோகிறது, அதனால் எழுதுகிறேன். காவியா போட்டோ பிடித்து அனுப்புவாள்.

ராகி அறுத்தாயிற்று, நல்ல விளைச்சல். வரப்போகிற மருமகள் மிலேனா எந்த ஊர் என்று பக்கத்து வீட்டு நஞ்சம்மாள் கேட்டாள். மாண்டினீக்ரோ என்றேன். ஓசூருக்கு அந்தாண்டயா என்றாள். ரொம்ப அந்தாண்ட என்றேன். அப்பா போன பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன்.

மிலேனாவின் அப்பா கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்கிறார் என்றாயே. ஜனக் கணக்கு எடுக்க வந்தபோது, அவர் எங்கள் வம்சமே செர்பியர் என்று சொல்ல, மகள் நான் மாண்டினீக்ரோக்காரி என்று எழுதச் சொன்னாளாம், அதில் வந்த கோபமாம். இரண்டு தேசமும் ஒரே நாடாக இருந்து ஓட்டுப் போட்டுப் பிரிந்ததாம். அதற்கும் முன்னே அந்த மலைக்குத் தனி ராஜா இருந்தார், அந்தப் பேரை ஏன் விடவேண்டும் என்கிறாளாம். எனக்கு இது புதுசில்லை. நம் வீட்டிலும் உன் தாத்தா கன்னடம் என்று எழுதச் சொன்னார். உன் அப்பா, "எனக்குக் கனவு வர்றது தமிழ்லதானுங்க, அதையே எழுதுங்க" என்றார். ரொம்ப நாள் இருவருக்கும் பேச்சு இல்லை. நம் குலசாமி மாதேஸ்வரனுக்குப் பொங்கல் வைத்த அன்று பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ரசத்தை மாற்றி மாற்றித் தள்ளிவிட்டுச் சாப்பிட்டார்கள். கடைசி வரை அவர் கன்னடம்தான், இவர் தமிழ்தான்.

அவர்களுக்கும் வீட்டுக்கு ஒரு சாமி உண்டு, அந்த நாளில் மெழுகுவத்தி ஏற்றி, ரொட்டி வெட்டி, சர்க்கரை போட்ட கோதுமை தருவார்கள் என்று நீதான் சொன்னாய். அதற்கு யாரையும் அழைக்கமாட்டார்கள், வந்தவரைத் திருப்பி அனுப்பவும் மாட்டார்களாமே. அப்புறம் என்ன யோசனை? வருகிற டிசம்பர் பத்தொன்பதாம் தேதிதானே அவர்கள் வீட்டுச் சாமி நாள், அன்றைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போ. அவர் செர்பியர் என்றால் தலையாட்டு. அவள் மாண்டினீக்ரோ என்றால் அதற்கும் தலையாட்டு. கோதுமையை மட்டும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடு.

அப்பா காரியம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. உனக்கு லீவு கிடைக்காததை நீ இன்னும் நினைத்துக்கொண்டிருக்காதே. அவருடைய பட்டு வேட்டியைப் பார்சலில் போட்டிருக்கிறேன், சித்திரையில் தாலி கட்டும்போது அதைக் கட்டிக்கொள்.

மிலேனாவிடம் சொல்லு, சாமி. அவள் அப்பா எழுந்து நடமாடுகிறபோதே ஒரு தரம் போய்ப் பார்த்துவிடச் சொல்லு.

மாதேஸ்வரன் துணையிருக்க,
உன் அம்மா
தீர்த்தம்மாள்